அல்மோரா மலையில் காக்கைக்கு ஒரு மாலை

பொங்கலுக்கு மறுநாள் காலையில் நான் கனுப்பிடி வைக்காமல் இருந்ததே கிடையாது. இவருக்கு டில்லிக்கு மாற்றலாகி, மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் குடித்தனம் செய்த அத்தனை வருஷமும், மஞ்சள் இலை கிடைக்காவிட்டால் ஒரு வாழை இலைத் துண்டிலாவது பிடி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் 2018 ஜனவரியில் எதிர் ஃப்ளாட்டுத் தோழி, "குழந்தைக்கு ஸ்கூல் லீவு. எங்க மாமியார் ஊருக்குப் போறோம், நீயும் வாயேன்" என்று கூப்பிட்டபோது, "பொங்கல் சமயமாச்சே, கனு வைக்கணுமே" என்று இழுத்தேன்.

"காக்காய்க்குத்தானே? எங்க ஊருக்கு வந்து பாரு. அன்னிக்குக் காக்காய்க்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது!" என்று சிரித்தாள்.

இவரும், "போய்ட்டு வா, நான் ரசம் சாதம் வெச்சு சமாளிச்சுக்கறேன்" என்றார். அப்புறம் என்ன? பெட்டியில் இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் எடுத்துத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பழைய டில்லி ஸ்டேஷனில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை காத்கோதாம். ரயில் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது, எதிரே மலை. அங்கிருந்து அல்மோராவுக்கு ஜீப்பில் சுமார் 90 கிலோமீட்டர். வளைந்து வளைந்து போகிற பாதை என்பதால் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. தலைசுற்றல் உள்ளவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வழியில் கரம்பானியில் நிறுத்தி, சுடச்சுடப் பகோடாவும் வெள்ளரிக்காய் ரைத்தாவும் வாங்கிக் கொடுத்தாள் தோழி. நம்ம தயிர்ப் பச்சடிதானே என்று ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். பச்சைக் கடுகை அரைத்துக் கலந்திருக்கிறார்கள்! காரம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறிற்று. அதற்குப் பிறகு அரைமணி நேரம் குளிரே தெரியவில்லை.

அல்மோரா, குதிரைச் சேணம் போல வளைந்த மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும் பழைய ஊர். உயரம் 1,640 மீட்டர் சொச்சம். பதினாறாம் நூற்றாண்டில் சந்த் வம்ச அரசர்கள் தங்கள் தலைநகரை இங்கே மாற்றிக்கொண்டார்களாம். கடைத்தெரு முழுக்கக் கல் பாவிய தரை. சில வீடுகளின் வாசலிலும் ஜன்னலிலும் மரச் செதுக்கு வேலை இன்னும் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் வடக்கே நந்தா தேவி, திரிசூலம் என்று பனிமலைகள் வரிசையாகத் தெரியும். ஊருக்கு வருகிறவர்கள் வாங்காமல் போகாத பண்டம் பால் மிட்டாய். பெயரைப் பார்த்து நம்ம பால்கோவா என்று நினைக்க வேண்டாம். கோவாவைக் கரும்பழுப்பு நிறம் வரும்வரை கிளறித் துண்டு போட்டு, மேலே கடுகளவு வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை ஒட்டிவிடுகிறார்கள். இன்னொன்று சிங்கோரி. அதுவும் கோவாதான், மாலூ என்கிற மலைக்கொடியின் அகன்ற இலையில் கூம்பு மாதிரி சுருட்டித் தருகிறார்கள். நான் இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு இலைகளைக் கழுவி மடித்து வைத்துக்கொண்டேன். கனுவுக்கு ஆச்சே!

தோழியின் மாமியார் வீடு அல்மோராவிலிருந்து இன்னும் கொஞ்ச தூரத்தில், படிக்கட்டு படிக்கட்டாக வயல்கள் இறங்குகிற ஒரு சின்னக் கிராமம். ஜீப்பை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். பலகைக் கல் வேய்ந்த கூரை, மண் மெழுகிய முற்றம், மூலையில் நாரத்தை மாதிரி ஒரு மரம். அழகுதான். ஆனால் வழியில் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு. சில பூட்டுகள் துருப்பிடித்து, கதவின் குறுக்கே செடி முளைத்திருந்தது. வேலை தேடி எல்லோரும் டில்லிக்கும் ஹல்த்வானிக்கும் போய்விட்டார்கள் என்றாள் தோழி. அவள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் ஜனத்தொகை ஏற, அல்மோரா மாவட்டத்தில் மட்டும் குறைந்திருக்கிறது. பக்கத்துப் பௌரி மாவட்டத்திலும் அப்படியே.

மாமியாரைக் குழந்தை "ஆமா" என்று கூப்பிட்டாள். அந்த ஊர்ப் பேச்சில் பாட்டி. எழுபத்தைந்து வயசிருக்கும். மூக்கில் பெரிய வளையம், தலையில் முக்காடு, கையில் சதா ஒரு வேலை. என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி, "வா சேலி" என்றார். சேலி என்றால் மகள் என்று தோழி சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

குழந்தைக்கு அப்போது ஆறு வயது. டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆமா ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும் பட்சண மாலை ஒன்று கோத்து, டில்லி பஸ்ஸில் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். தோழி அதை பால்கனியில் நின்று காக்கைக்குக் காட்டிவிட்டு, பாக்கியை டின்னில் போட்டு வைப்பாள். குழந்தை ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, எனக்கு க்ரீம் பிஸ்கட்தான் வேணும்" என்று ஓடிவிடும். இதை ஆமாவிடம் யாரும் சொன்னதில்லை. இந்த முறை நேரிலேயே சொல்லிவிடப் போகிறதே என்று தோழிக்கு வழி முழுக்கக் கவலை.

அந்தப் பட்சணத்தின் பெயர் குகுத். பண்டிகைக்குக் குகுதியா என்று பெயர். குகுதி என்பது அந்த மலைகளில் கூவும் மணிப்புறா. கோதுமை மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, புறா மாதிரி செய்து பொரித்தெடுக்கிறார்கள். பிஸ்கட்தான் அது. ஆனால் ஓவன் வேண்டாம், அச்சு வேண்டாம். ஒரு வாணலி போதும்.

ஜனவரி 14-ம் தேதி மத்தியானம் கணப்பு அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ஆமா ஒரு பெரிய தாம்பாளத்தில் மாவைக் கொட்டினார். எவ்வளவு என்று கேட்டேன். "இவ்வளவு" என்று கையைக் காட்டினார். நெய்? கரண்டியைச் சாய்த்து, "இப்படி". வெல்லத் தண்ணீர்? "மாவு கேட்கிற அளவு." சரிதான், நம்ம பாட்டிமார்களும் இப்படித்தானே! நான் விடவில்லை. அவர் ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, நான் குறுக்கே டம்ளரை நீட்டி அளந்து, கைப்பையில் இருந்த கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன். தோழிக்கு ஒரே சிரிப்பு. "பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றாள்.

பிசைந்த மாவை ஒரு சாண் நீளத்துக்கு, பென்சில் கனத்தில் திரிக்க வேண்டும். அதைப் பாதியில் வளைத்தால் ஒரு வளையம் வரும். இரண்டு நுனிகளையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போட்டு, ஒரு முறுக்கு முறுக்கி அழுத்திவிட வேண்டும். ஹிந்தி தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்கிறேன்: ஹிந்தியில் நான்கு என்ற எண்ணை எழுதினால் எப்படியோ அப்படி. வளையம்தான் புறாவின் உடம்பு, ஒரு நுனி மூக்கு, மற்றது வால். கொஞ்சம் மனசு வைத்துப் பார்த்தால் புறா தெரியும்! புறாவோடு கத்தி, கேடயம், உடுக்கை, மாதுளம்பூ என்று இன்னும் நாலைந்து உருவம் செய்தார் ஆமா. எண்பது வினாடிக்கு ஒன்று என்று விரல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் செய்த முதல் ஆறு புறாவும் எண்ணெயில் விழுந்ததும் முறுக்கு அவிழ்ந்து, நீட்டி நிமிர்ந்து பாம்பாகிவிட்டன. நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டினால் அவிழாது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பாம்புகளைப் பார்த்ததும் குழந்தைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அதுவரை மூலையில் போர்வைக்குள் இருந்தவள் எழுந்து வந்து, "எனக்கு யானை வேணும்" என்றாள். ஆமா திகைத்தார். யானை அந்தப் பட்டியலில் இல்லையே! தோழி அதட்டப் போனாள். ஆமா அவளைக் கையமர்த்தி, "காக்கா கோபிச்சுக்காது ப்வாரி, குழந்தை செய்யட்டும்" என்று மாவைக் கிள்ளிக் கொடுத்துவிட்டார். ப்வாரி என்றால் மருமகள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மீன் வந்தது, முட்கரண்டியால் கோடு இழுத்துச் செதில் போட்டோம். சுருட்டி வைத்து நத்தை வந்தது. இரண்டு மிளகை அழுத்தியதில் ஆந்தை வந்தது. யானைதான் வரவில்லை. தும்பிக்கையை மெல்லிசாக இழுத்தால் அது கருகிப் போகிறது, உடம்பு வேகவில்லை. கனமாக வைத்தால் உடைந்து விழுகிறது. குழந்தைகளை வைத்துக்கொண்டு மிருகங்கள் செய்யும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பும் காலும் வாலும் ஏறக்குறைய ஒரே கனமாக இருக்க வேண்டும். நத்தையும் மீனும் கெடுவதே இல்லை.

வாணலி பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஆமா கதை சொன்னார். கல்யாண் சந்த் என்று ஒரு ராஜா. வெகு நாள் பிள்ளையில்லாமல், பாகேஸ்வரத்து பாக்நாதரை வேண்டிப் பெற்ற பிள்ளையை ராணி செல்லமாகக் குகுதி என்று கூப்பிடுவாள். அவன் கழுத்தில் மணி கட்டிய முத்துமாலை. அடம்பிடித்தால், "இரு, மாலையைக் காக்காய்க்குக் கொடுத்துடறேன்" என்று காக்கையைக் கூப்பிடுவாளாம். காக்கைகளும் வரும், அவற்றுக்குத் தின்ன ஏதாவது கிடைக்கும். இப்படியே பிள்ளைக்கும் காக்கைகளுக்கும் சிநேகமாகிவிட்டது. ராஜ்யத்துக்கு ஆசைப்பட்ட மந்திரி ஒருநாள் பிள்ளையைக் காட்டுக்குத் தூக்கிப் போனான். காக்கைகள் கூட்டமாக அவனைக் கொத்தி விரட்டின. ஒன்று மாலையைத் தூக்கி வந்து அரண்மனை மரத்தில் உட்கார்ந்து கத்தியது. அது பறந்த வழியே ஆட்கள் போய்ப் பிள்ளையை மீட்டு வந்தார்கள். அன்றைக்கு ராணி செய்து போட்ட பட்சணம்தானாம் இது. குழந்தைகள் கழுத்தில் மாலையாகப் போட்டுக் காக்கையைக் கூப்பிடுவது அதனால்தான்.

கதை எப்படியோ, கணக்கு ஒன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வட இந்தியாவில் பெரும்பாலும் மாசத்தைச் சந்திரனை வைத்துக் கணக்கிடுவார்கள். குமாவுன் மலைக்காரர்கள் நம்மைப் போலவே சூரியனை வைத்து மாசம் பார்க்கிறார்கள். நமக்குத் தை முதல் தேதி அவர்களுக்கு மாக மாசம் முதல் தேதி. அன்று குகுத் செய்து, மறுநாள் விடியற்காலை காக்கைக்கு. நமது கனு வைக்கும் அதே காலை! சரயு நதிக்கு அப்பால் இருப்பவர்கள் மட்டும் ஒருநாள் முந்தியே செய்துவிட்டு, சங்கராந்தியன்றே காக்கையைக் கூப்பிடுவார்களாம். அதே சரயு கோமதியோடு சேருகிற பாகேஸ்வரத்தில் அன்று பெரிய திருவிழா. வெள்ளைக்காரன் காலத்தில், கூலியில்லாமல் சுமை தூக்க வைக்கக் கிராமத்துக்காரர்களின் பெயரை எழுதி வைத்திருந்த பதிவேடுகளை, 1921 ஜனவரியில் பத்ரி தத் பாண்டே முதலானோர் முன்னின்று ஜனங்கள் அந்த ஆற்றிலேயே வீசி எறிந்ததும் இந்தத் திருவிழாக் கூட்டத்தில்தான்.

ராத்திரி மாலை கோத்தோம். கெட்டி நூலில் ஒரு புறா, ஒரு உடுக்கை, ஒரு புறா என்று கோத்து நடுவே பதக்கம் மாதிரி ஒரு ஆரஞ்சுப் பழம். ஆமா ஒரு மாலையோடு நிறுத்தவில்லை. ஐந்து கோத்தார். பெரிய பிள்ளையின் குழந்தைகள் இருவர் லக்னோவில், பட்டாளத்தில் இருக்கிற பேரன் ஒருவன், கல்யாணமாகிப் போன பேத்தி ஒருத்தி. எல்லா மாலையையும் சுவரில் ஆணியில் மாட்டி வைத்தார். "அவங்க வர்ற வரைக்கும் கெடாது" என்றார். நன்றாக மொறுமொறுவென்று எடுத்தால் ஒரு மாசத்துக்குமேல் தாங்கும் என்பது உண்மைதான்.

மறுநாள் விடியவில்லை, ஒரே பனி. குழந்தைக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் மாலையைப் போட்டு முற்றத்துச் சுவரின்மேல் நிறுத்தினார் ஆமா. தையல் இலையில் பூரி, உளுந்து வடை. ஆமாம், நடுவே ஓட்டை போட்ட நம்ம வடையேதான்! மாலையில் இருக்கும் ஒவ்வொன்றையும் காட்டி, "இதை நீ எடுத்துக்கோ, எனக்கு இன்னது கொடு" என்று காக்கையோடு பேரம் பேசுகிற பாட்டு ஒன்று உண்டு. குழந்தை கூவினாள். சைக்கிள் கேட்டாள். கீழ்ச்சரிவிலிருந்து இன்னொரு சிறுவன் குரல் வந்தது. அவ்வளவுதான். இரண்டே குரல்கள்.

"முன்னே எல்லாம் இந்த நேரத்துக்கு ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் காதில் விழாது" என்றார் ஆமா. பத்து நிமிஷமாயிற்று, காக்கையைக் காணோம். குழந்தைக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. அப்போது ஆமா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தானும் சுவரருகே போய்க் கூவினார் பாருங்கள்! அந்த வயசில் அப்படி ஒரு குரல்! தோழியும் கூவினாள். எனக்கு வார்த்தை தெரியாது; "கா, கா" என்று நம் ஊர்க் குரலையே கொடுத்தேன்.

வந்தது. நம்ம ஊர்க் காக்கைபோல் கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது. உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, தடித்த மூக்கு, ஆகிருதியும் பெரிசு. முதலில் வடையைத்தான் தூக்கிற்று, கெட்டிக்காரக் காக்கை! பிறகு இன்னும் மூன்று வந்தன. நத்தையை ஒன்று கொத்தி எடுத்துக்கொண்டு பறந்ததும் குழந்தை குதித்த குதியில் மாலை அறுந்து, முற்றம் முழுக்கப் புறா சிதறிற்று. பொறுக்கியதில் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். "இது புதுசு, நல்லாருக்கு" என்றாள். ஆமாவுக்கு அதன் அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, எனக்கும் தோழிக்கும் புரிந்தது.

நான் சுவரின் மறுகோடியில் மாலூ இலையைப் பரப்பி மஞ்சள் சாதம், குங்குமச் சாதம், தயிர்ச் சாதம் பிடி வைத்து, என் அண்ணன் தம்பிகளை நினைத்துக்கொண்டேன். ஆமா வந்து பார்த்து, "உங்க ஊரிலும் இவனுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் தன் பங்காக ஒரு குகுத்தை வைத்தார்.

நோட்டில் நான் எழுதியிருக்கிற அளவு இது. கோதுமை மாவு அரை கிலோ, வெல்லம் 200 கிராம், உருக்கிய நெய் நான்கு மேஜைக்கரண்டி, சோம்பு இரண்டு டீஸ்பூன், எள் ஒரு மேஜைக்கரண்டி. வெல்லத்தை முக்கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவைக்க வேண்டும். பாகு காய்ச்ச வேண்டாம். மாவில் நெய்யை விட்டுப் பிசிறிக் கையில் பிடித்தால் பிடிபட வேண்டும். சோம்பும் எள்ளும் போட்டு, வெல்லத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். தண்ணீர் மிச்சமானால் மிச்சமாகட்டும். அரைமணி ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பிறகு உருவம் செய்து, ஒரு துணிமேல் கொஞ்ச நேரம் உலரவிட்டுப் பொரிக்க வேண்டும். அங்கே கடுகெண்ணெய், நமக்கு எது பழக்கமோ அது. அடுப்பு சின்னதாக எரியட்டும். ஒரு ஈட்டுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகும். அவசரப்பட்டால் வெல்லம் கருகி, உள்ளே பச்சை மாவாக நிற்கும். எடுக்கும்போது மெத்தென்று இருந்தாலும் ஆறினால் கெட்டிப்படும். நன்றாக ஆறிய பிறகே டின்னில் போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுக்காமல் பொடித்துப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். மாலையைப் போட்டுக்கொண்டு குழந்தை தூங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகுக் கண்ணையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அழுகைதான்!

2021-ல் ஆமா போய்விட்டார். மறு வருஷம் தை மாசம் முதல் தேதி, நான் திருச்சியில் பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது டில்லியிலிருந்து தோழி ஃபோன் செய்தாள். "ஈஜா கையைப் பார்த்துப் பார்த்துச் செய்வாங்க. நான் ஒரு தடவைகூட அளவு கேட்டுக்கலை. குகுத் எல்லாம் எண்ணெயில் போட்டவுடனே பிரிஞ்சு போறது. உன் நோட்டு இருக்கா?" என்றாள்.

நோட்டு இருந்தது, அந்தப் பக்கத்தில் நெய்க்கறையோடு. நெய் எவ்வளவு விட்டாய் என்றேன். ஒரு டம்ளராம்! மாவை இன்னும் சேர்த்துப் பிசைந்து, நுனியில் தண்ணீர் தொட்டு ஒட்டச் சொன்னேன். சாயங்காலம் மறுபடி ஃபோன் வந்தது. இரண்டாவது ஈடு சரியாக வந்துவிட்டதாம். பெண் தன் கையாலேயே மாலை கோத்துப் பால்கனி ஆணியில் மாட்டியிருக்கிறாளாம். யானைக்குத்தான் இன்னும் தும்பிக்கை நிற்கவில்லையாம்.